சந்தைக்குப் போகிற நாளில் ஒன்று

போன மாதத்தோடு மருந்துக்கடை வேலையை விட்டுவிட்டேன். பன்னிரண்டு வருடம் கவுண்டருக்குப் பின்னால் நின்றதில் இரண்டு கெண்டைக்காலிலும் நரம்பு சுருண்டு பச்சையாகக் கிளம்பிவிட்டது. இனி நிற்கிற வேலை வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கடைசி நாளன்று கேக் வாங்கி வைத்து, "ரெண்டு வார்த்த பேசுங்கக்கா" என்றார்கள். பேச்சைத் தள்ளிப்போடுவதற்காக நான் கேக்கை வெட்டிக்கொண்டே இருந்தேன். பதினோரு பேருக்கு நாற்பது துண்டு ஆனது. கடைசியில் நஸ்ரின் மேடம் கத்தியை வாங்கி வைத்துவிட்டு, "பேச வேணாம்க்கா. எழுதிக் குடுங்க. புதுசா வந்திருக்கிற பொண்ணுங்க படிக்கட்டும். அந்தக் கூடை கதையையே எழுதுங்க" என்றார்.

இப்போது கடையில் பிரிண்டர் வந்துவிட்டது. எந்த மாத்திரை, எந்த வேளை என்று அதுவே அச்சடித்து நாக்கை நீட்டுகிறது. நாங்கள் கவரின் மேல் பேனாவால் எழுதியதையும் படம் போட்டதையும் புதுப் பெண்கள் பார்த்ததில்லை. கூடை கதை என்றால் என்ன என்று என்னைத்தான் கேட்கிறார்கள். அது என் பெருமையைச் சொல்கிற கதை இல்லை. அதற்காகத்தான் மேடம் அதை எழுதச் சொல்லியிருப்பார்.

நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவள். பெயர் ஸ்டெல்லா. ஊர் ஆலப்பாக்கம், கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில். கணவருக்கு சிப்காட்டில் ஒரு கம்பெனியில் வேலை. நாற்பத்திரண்டு வயது வரை நான் வேலை என்று எங்கும் போனதில்லை. மகள் நர்சிங் படிப்பில் சேர்ந்த வருடம், ஒரு சம்பளம் போதாமல் போனது. அப்போதுதான் என் நாத்தனார், கடலூரில் ஒரு மருந்துக்கடைக் கதவில் 'பெண் உதவியாளர் தேவை' என்று அட்டை தொங்குவதைப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்.

"மாத்திர எடுத்துக் குடுக்கறதுதான் அண்ணி. பேச வேண்டிய வேலையே இல்ல."

இந்தக் கடைசி வாக்கியத்தை நம்பித்தான் நான் பஸ் ஏறினேன்.

கடைக்குள் நுழைந்ததும் முதலாளி, "என்னம்மா வேணும்?" என்றார். வேலை வேண்டும் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "ஓ.ஆர்.எஸ். ஒண்ணு" என்று வந்தது. வாங்கிக்கொண்டு ஊருக்குத் திரும்பிவிட்டேன். மறுநாள் மனதைத் திடப்படுத்திக்கொண்டு போனேன். அன்றைக்கும் ஒரு ஓ.ஆர்.எஸ். மூன்றாம் நாள் நான் வாயைத் திறக்கும் முன் முதலாளியே ஒரு பாக்கெட்டை எடுத்து மேஜையில் வைத்தார்.

"யம்மா, தெனம் வந்து இதையே வாங்கறியே, வூட்டுல யாருக்கு வயித்தால போவுது? டாக்டருகிட்ட காட்டுனீங்களா?"

"யாருக்கும் போவல சார். வேலைக்கு வந்தேன்."

"எந்த வேலைக்கு?"

கதவைத் திரும்பிப் பார்த்தேன். அட்டையைக் காணவில்லை. நான் இரண்டாவது பாக்கெட்டோடு பஸ் ஏறிய பிறகு ஒரு பெண் வந்து நேராகக் கேட்டு வேலையில் சேர்ந்துவிட்டிருந்தாள். என் மூன்றாவது பாக்கெட்டுக்கு பில் போட்டதே அவள்தான். முதலாளி என்னையும் பாக்கெட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சிதம்பரம் கடைக்கு ஒரு ஆள் வேணும். அங்க போறியாம்மா?" என்றார். தலையாட்டினேன். தலையாட்டுவது எனக்கு நன்றாக வரும்.

சிதம்பரம் கடையின் பார்மசிஸ்ட்தான் நஸ்ரின் மேடம். பரங்கிப்பேட்டைக்காரர். அப்போது அவருக்கு இருபத்தேழு வயது. அவர் என்னை அக்கா என்பார், நான் அவரை மேடம் என்பேன். "அக்கான்னு கூப்புடறனேன்னு தப்பு பண்ணா வுட்டுடுவேன்னு மட்டும் நெனக்காதீங்க" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். ஆனால் ஒரு நாளும் திட்டியதில்லை. நான் தவறான மருந்தை எடுத்து வந்தால் அதை வாங்கிக்கொண்டுபோய் இருந்த இடத்திலேயே வைப்பார். திரும்பி வந்து முக்காலியில் உட்காருவார். "மறுபடி" என்பார். திட்டியிருந்தால் அழுதாவது தீர்த்திருக்கலாம்.

முதல் மூன்று மாதம் அலமாரி துடைத்ததும் பெயர் கற்றுக்கொண்டதும்தான். ஒரே பெயரில் ஐந்து, பத்து, இருபது என்று மூன்று அளவு இருக்கும். பெயரைப் படித்த சந்தோஷத்தில் அளவைப் பார்க்காமல் எடுத்து வருவேன். மறுபடி. மாத்திரை அட்டையை வெட்டும்போது காலாவதித் தேதி இருக்கிற முனை கடையில் தங்க வேண்டும்; எதிர் முனையிலிருந்து வெட்டிக் கொடுக்க வேண்டும். நான் முதல் வாரம் முழுக்கத் தேதி முனையாகப் பார்த்து நேர்த்தியாக வெட்டிக் கொடுத்தேன். கடையில் தங்கிய மாத்திரைக்கெல்லாம் வயது தெரியாமல் போயிற்று. மேடம் அத்தனையையும் கழிவுப் பெட்டியில் கொட்டிவிட்டுக் கத்தரிக்கோலை என் கையில் கொடுத்தார். மறுபடி.

இதெல்லாம் பழகிவிட்டது. பழகாத ஒன்று, சத்தமாகச் சொல்வது. மருந்தை எடுத்து வந்து கவுண்டரில் வைத்ததும் பெயர், அளவு, எண்ணிக்கை, யாருக்கு என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது மேடத்தின் சட்டம்.

"எனக்குத்தானே சொல்றோம்னு நெனக்காதீங்க. எதிர்ல நிக்கறவுங்க காதுல வுழணும். இது எங்க அப்பாவுக்கு இல்ல, எனக்குன்னு அவுங்க சொல்லணும். அதுக்குத்தான்."

என் குரல் கவுண்டரைத் தாண்டாது. மருந்து வாங்க வந்தவர்கள் காதை நீட்டிக்கொண்டு குனிவார்கள். ஒருவருக்குச் சாதாரண சத்து மாத்திரையைத்தான் கொடுத்தேன். நான் முணுமுணுத்த விதத்தைப் பார்த்து அவர் முகம் வெளிறிவிட்டது. "ஏம்மா, எனக்கு ஏதாவது பெரிய வியாதியா? வூட்டுல சொல்ல வேணாமா?" என்று அவரும் என்னைப் போலவே குசுகுசுவென்று கேட்டார்.

இதில் ஒரு நன்மையும் இருந்தது. நாப்கின் வாங்க வரும் பெண்களும், பெயர் சொல்ல முடியாததை வாங்க வரும் புது மாப்பிள்ளைகளும் என் பக்கம்தான் வருவார்கள். அவர்களும் பேச மாட்டார்கள், நானும் பேச மாட்டேன்; வியாபாரம் முடிந்துவிடும். நான் யார் முகத்தையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. கைகளைத்தான் பார்ப்பேன். யார் வந்தார்கள் என்று கேட்டால் தெரியாது. மோதிரம் போட்ட கை, சுண்ணாம்பு ஒட்டிய கை என்று சொல்வேன்.

பிறகு பில் போடக் கற்றுக்கொடுத்தார்கள். கணினியில் பெயர், செல் நம்பர் இரண்டையும் அடித்தால்தான் அடுத்த கட்டத்துக்குப் போகும். பெயர் சீட்டிலேயே இருக்கும். நம்பரைக் கேட்க வேண்டும். முன்பின் தெரியாத ஆம்பளைகளிடம் போய் செல் நம்பர் கேட்பதா? நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். என் நம்பரையே அடித்தேன். கணினி மறுப்பு சொல்லவில்லை. அன்றிலிருந்து கூட்டம் இருக்கிற நேரமெல்லாம் என் நம்பர்தான். 'அன்பான வாடிக்கையாளரே, உங்கள் மருந்து தீரும் நேரம் வந்துவிட்டது' என்று கடையிலிருந்து எனக்குத் தினமும் செய்தி வந்தது. கணினிக்குத் தெரிந்த வரையில் எனக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம், காக்காய் வலிப்பு, ஆண்களுக்கு வருகிற ப்ராஸ்டேட் வீக்கம் எல்லாம் இருந்தன. அந்தச் செய்திகளையெல்லாம் அழித்துவிட்டுத் தூங்கிப்போவேன்.

நான் மெச்சிக்கொண்ட ஒரே விஷயம், கவரில் படம் போடுவது. படிக்கத் தெரியாதவர்களுக்குக் காலை வேளைக்கு உதிக்கிற சூரியன், மதியத்துக்கு முழுச் சூரியன், ராத்திரிக்கு நிலா என்று போட்டுக் கொடுக்கச் சொல்லியிருந்தார் மேடம். அவர் போடும் சூரியன் வேர்க்கடலை மாதிரி இருக்கும். நான் போட்டால் கதிர் ஒவ்வொன்றும் எண்ணி எடுத்தது போல இருக்கும். "ஸ்டெல்லாக்கா கவரு" என்று பெயரே வந்துவிட்டது. பேசாமலே வேலையை நடத்திவிடலாம் என்று எனக்குத் தலைக்கனம் ஏறியது அப்போதுதான்.

கடையில் தனியாக ஒரு சிவப்பு டப்பா இருந்தது. முடக்கு வாதத்துக்கான ஒரு மாத்திரை அதில்தான் இருக்கும். வாரத்துக்கு ஒன்று மட்டுமே சாப்பிட வேண்டியது. தினமும் சாப்பிட்டால் உடம்பில் ரத்தம் ஊறுவதையே நிறுத்திவிடும், உயிருக்கே ஆபத்து. "வாரம் ஒண்ணுன்னு மொட்டையா சொல்லாதீங்க. எந்தக் கெழம சௌகரியம்னு அவுங்களையே கேளுங்க. அந்தக் கெழமைய எழுதுங்க. அப்பறம் அவுங்க வாயால திருப்பிச் சொல்ல வைங்க" என்று மேடம் சொல்லிக் கொடுத்திருந்தார். அதோடு, சிவப்பு டப்பா மாத்திரை வாங்கிப் போனவர்களுக்கு ஒரு வாரம் முடிவதற்குள் அவரே போன் செய்து விசாரிப்பார்.

ஒரு நாள் மதியம் மேடம் சாப்பிடப் பின்னறைக்குப் போயிருந்தபோது ஒரு சீட்டு என் முன்னால் வந்தது. அஞ்சலாட்சி, வயது ஐம்பத்தெட்டு. சிவப்பு டப்பா மாத்திரை எட்டு. நீட்டிய கையைப் பார்த்தேன். விரல் முட்டியெல்லாம் இஞ்சி மாதிரி வீங்கி, ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. கருவாட்டு வாசனை வந்தது. அவருக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர்.

"படிக்கத் தெரியாது கண்ணு. பாத்துப் பக்குவமா சொல்லு. டாக்டரு ஏதோ சொன்னாரு, வலில காதுல ஏறல."

எந்தக் கிழமை சௌகரியம் என்று கேட்டிருக்க வேண்டும். பின்னால் நின்றவர் காசைக் கண்ணாடியில் தட்டிக்கொண்டிருந்தார். கிழமைக்குப் படம் கிடையாதே என்று யோசித்தேன். அப்போதுதான் அந்த அற்புதமான யோசனை வந்தது. எங்கள் பக்கத்தில் வாரத்துக்கு ஒரு சந்தை. சந்தைக்குப் போகிற நாள் யாருக்கும் மறக்காது. கவரில் ஒரு கூடையை வரைந்தேன். அவசரத்திலும் பின்னல் எல்லாம் போட்டேன். கூடைக்குள் ஒரு கத்தரிக்காய் வேறு.

"சந்தைக்குப் போற நாள்ல ஒண்ணு மட்டும் போடுங்கம்மா" என்றேன். சட்டம் ஞாபகம் வந்தது. "திருப்பிச் சொல்லுங்க."

"சந்தைக்குப் போற நாள்ல ஒண்ணு" என்றார் அஞ்சலாட்சியம்மா, தடுமாறாமல்.

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. செல் நம்பர் இடத்தில் என் நம்பரை அடித்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டேன். கூப்பிட்டேன் என்றால், அடுத்த சீட்டுக்குக் கையை நீட்டினேன்.

ஐந்தாம் நாள் காலை. மேடம் பட்டியலைப் பார்த்து ஒவ்வொருவருக்கும் போன் செய்துகொண்டிருந்தார். நான் பக்கத்தில் அலமாரி துடைத்துக்கொண்டிருந்தேன். "அஞ்சலாட்சி" என்று படித்துவிட்டு எண்களை அழுத்தினார். என் கைப்பையில் போன் அடித்தது.

"யாருன்னு பாருங்கக்கா, அவசரமா இருக்கப் போவுது."

எடுத்துப் பார்த்தேன். கடையின் நம்பர். மேடம் காதில் போனை வைத்துக்கொண்டே என் கையைப் பார்த்தார். கட் செய்தார். என் கையில் சத்தம் நின்றது. மறுபடியும் அழுத்தினார். மறுபடியும் அடித்தது. அந்த ஒரு முறை மட்டும் 'மறுபடி' என்று அவர் வாயால் சொல்லவில்லை.

"எத்தன பேருக்குக்கா உங்க நம்பரு?"

"எண்ணல மேடம்."

அவர் கண்ணை மூடித் திறந்தார். "சரி. இந்தம்மாவுக்கு எப்பிடிச் சொல்லிக் குடுத்தீங்க?"

தப்பிக்க ஒரு வாசல் கிடைத்தது போல இருந்தது எனக்கு. நம்பர் விஷயத்தில் தவறினாலும் இதில் நான் கெட்டிக்காரி என்று காட்ட நினைத்து, கூடையை, பின்னலை, கத்தரிக்காயைச் சொன்னேன். "அவுங்களே திருப்பிச் சொன்னாங்க மேடம். சந்தைக்குப் போற நாள்ல ஒண்ணுன்னு."

"அவுங்க என்ன வேல பாக்கறாங்க?"

"கேக்கல. கருவாட்டு வாசன வந்துச்சி."

மேடம் முக்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "யா அல்லா. எங்க ஊருப் பக்கம் கருவாடு விக்கறவுங்க தெனம் ஒரு சந்தைக்குப் போவாங்கக்கா. இன்னிக்கி ஒரு ஊரு, நாளைக்கி ஒரு ஊரு."

என் கையிலிருந்த துணி கீழே விழுந்தது. மூக்கு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. வாய்தான் கேட்கவில்லை.

மேடம் டாக்டரின் க்ளினிக்குக்குப் போன் செய்தார். யாரும் எடுக்கவில்லை. பார்மசிஸ்ட் கடையை விட்டு நகர முடியாது. வாசலில் நின்ற ஆட்டோக்காரரிடம் இன்று எங்கே சந்தை என்று கேட்டார். புவனகிரி என்றார் அவர். மேடம் என்னைப் பார்த்தார்.

"போங்கக்கா. அந்தம்மாவப் பாக்காம திரும்பி வராதீங்க. இன்னிக்கி மாத்திரைய வாயில போடறதுக்கு முன்ன புடிக்கணும். நான் டாக்டரப் புடிக்கறேன்."

புவனகிரி ஒன்றும் தூரமில்லை. ஆனாலும் அந்த ஆட்டோவில் நான் சொன்ன ஜெபம் ஒரு தவக்காலத்துக்குக் காணும். எட்டு மாத்திரையில் எத்தனை போயிருக்கும் என்று விரலை மடக்குவேன், நீட்டுவேன். வேலை போகும் என்பது அப்போதே முடிவாகிவிட்டது. அது பயமாக இல்லை. இஞ்சி மாதிரி வீங்கின அந்தக் கைதான் கண் முன்னால் நின்றது.

சந்தையில் கருவாட்டு வரிசையைக் கண்டுபிடிக்க வழி கேட்கத் தேவைப்படவில்லை. அந்த மட்டும் பிழைத்தேன். அங்கே பத்துப் பன்னிரண்டு பெண்கள் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் அதே வயது, எல்லாரும் முந்தானையைத் தலையில் போட்டிருந்தார்கள். இவர்களில் யார்? எனக்கு முகம் தெரியாது. ஐந்து நாளைக்கு முன் ஒரு முறை நிமிர்ந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பெயரைக் கூப்பிடுவதைத் தவிர வேறு வழியில்லை.

"அஞ்சலாட்சியம்மா" என்றேன். என் காதுக்கே கேட்கவில்லை. ஒரு பெண், "என்ன வேணும், வாளையா, நெத்திலியா?" என்றார். தொண்டையைச் செருமிக்கொண்டு, பிறந்ததிலிருந்து சேர்த்து வைத்திருந்த சத்தத்தையெல்லாம் எடுத்து, "அஞ்சலாட்சியம்மா" என்று கத்தினேன்.

மூன்று பேர் திரும்பினார்கள். அந்தப் பக்கத்தில் அது அவ்வளவு சாதாரணமான பெயர் என்று எனக்குத் தெரியாது.

"மாத்திர சாப்புடாதீங்க. யாரும் மாத்திர சாப்புடாதீங்க" என்று மூன்று பேரையும் பார்த்துக் கத்தினேன். வரிசையே நின்றுவிட்டது. எதிரே காய் விற்றவர் தராசைக் கீழே வைத்தார்.

"இன்னாடி இது, மாத்திர வேணான்னு சொல்ல ஆள் போட்டிருக்கானா கவர்மெண்ட்டு?" என்றார் முதல் அஞ்சலாட்சி.

மூன்று பேர் கைகளையும் பார்த்துக்கொண்டு நடந்தேன். மூன்றாவது அஞ்சலாட்சியின் மடியில், சாய்ந்த விரல்களோடு அந்தக் கை இருந்தது. அப்படியே உட்கார்ந்து அதைப் பிடித்துக்கொண்டேன்.

"மருந்துக்கடப் பொண்ணுதான நீ? வா வா. ஒன்னத் தேடி நானே வரணும்னு இருந்தேன். வாயெல்லாம் புண்ணு கண்ணு. தண்ணி கூட எறங்கல." வாயைத் திறந்து காட்டினார். உள்ளே வெள்ளை வெள்ளையாக வெந்திருந்தது. "ஆனா மாத்திரைய மட்டும் வுடல. சந்தைக்குப் போற நாளு ஒண்ணு. இன்னிக்கிதான் சோறு எறங்கல, அதான் இன்னும் போடல."

சுருக்குப் பையிலிருந்து என் கவரை எடுத்தார். என் கூடை, என் கத்தரிக்காய். உள்ளே நான்கு மாத்திரை மீதம் இருந்தது.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றேன். சரக்கு இருக்கிறதே என்றார். முதல் அஞ்சலாட்சி எழுந்து வந்து அவர் சாக்கின் முனையை இழுத்துத் தன் சாக்கோடு சேர்த்துக்கொண்டார். "நான் பாக்கறேன், போடி. அந்தப் பொண்ணு மூஞ்சியப் பாத்தா அதான் மொதல்ல போய்ச் சேந்துடும் போல இருக்கு."

மேடம் அதற்குள் டாக்டரைப் பிடித்து எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். டாக்டர் ஆஸ்பத்திரியில் காத்திருந்தார். ரத்தம் எடுத்தார்கள். டாக்டர் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தெனம் போடச் சொன்னது யாரு?"

"யாரும் சொல்லல சாமி" என்றார் அஞ்சலாட்சியம்மா. "இந்தப் பொண்ணு சந்தைக்குப் போற நாளுன்னு சரியாத்தான் சொல்லுச்சி. நாந்தான் தெனம் சந்தைக்குப் போறேன்."

அவர் பழியைத் தன் மேல் எடுத்துப்போட்டுக்கொண்டார். நான் வழக்கம்போலத் தலையாட்டிவிட்டு நின்றிருக்கலாம். அன்றைக்கு ஒருமுறை கத்தியதில் தொண்டை திறந்துகொண்டதோ என்னவோ, "இல்ல டாக்டர். நான் கேக்கல. கேக்காம படம் போட்டேன். தப்பு என்னுது" என்றேன். வார்டில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். டாக்டர், "சரி, மெதுவா பேசுங்க" என்றார். என்னிடம் அப்படிச் சொன்ன முதல் ஆள் அவர்தான்.

ரத்த அணுக்கள் குறைந்திருந்தன. மாற்று மருந்து ஏற்றினார்கள். இன்னும் இரண்டு மூன்று மாத்திரை போயிருந்தால் தன்னால் ஒன்றும் சொல்லியிருக்க முடியாது என்றார் டாக்டர். அஞ்சலாட்சியம்மா ஒரு வாரம் படுக்கையில் இருந்தார். நான் தினமும் கடை முடிந்ததும் கஞ்சி எடுத்துக்கொண்டு போவேன். "எங்கூட பேச ஆரம்பிச்சிட்டியே, அப்ப நான் பொழச்சிக்குவேன்" என்று கிண்டல் செய்வார். எட்டாம் நாள் ரத்தம் சரியாகிவிட்டது என்று வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வேலை போகவில்லை. முதலாளி கடலூரிலிருந்து வந்தபோது மேடம், "புது ஆளத் தனியா வுட்டுட்டுச் சாப்புடப் போனது நான்" என்றார். என் பக்கம் திரும்பவில்லை. முதலாளி போனதும் ஒரு நோட்டை என் முன்னால் போட்டார். என் செல் நம்பரில் பில் போட்ட அத்தனை பேர் பெயரும் அதில் இருந்தது. "இவுங்க ஒவ்வொருத்தரும் வரும்போது நீங்களே நம்பர் கேட்டு மாத்துங்க. வெளியில நிக்கற ஆட்டோக்காரருக்குக் கேக்கற மாதிரி கேக்கணும்." கேட்டேன். ப்ராஸ்டேட் வீக்கம் உள்ள பெரியவரிடமும் கேட்டேன். அவர் நம்பரைச் சொல்லிவிட்டு, "இத்தன நாளு எனக்கு மெசேஜே வரலியேன்னு பாத்தேன்" என்றார்.

ஒரு மாதம் கழித்து அஞ்சலாட்சியம்மா அதே மாத்திரைக்குச் சீட்டோடு வந்தார். அந்த நோய்க்கு அதுதான் மருந்து. ஒழுங்காகச் சாப்பிட்டால் கைக்கு நல்லது என்று டாக்டர் மறுபடியும் தொடங்கியிருந்தார். இந்த முறை நிமிர்ந்து முகத்தைப் பார்த்தேன். இடது புருவத்தில் ஒரு தழும்பு இருந்தது.

"சந்தைக்குப் போவாத நாளு எதும்மா?" என்றேன், ஆட்டோக்காரருக்குக் கேட்கும்படி.

"ஞாயித்துக்கெழம. அன்னிக்கி கூடயக் கவுத்து வெச்சிடுவேன்."

புதுக் கவரில் ஒரு கூடையைக் கவிழ்த்து வரைந்தேன். கத்தரிக்காய் போடவில்லை. அவர் வாங்கிப் பார்த்துவிட்டு, கவரைத் தலைகீழாகத் திருப்பி, மறுபடி நேராகப் பிடித்து, "கூட கவுந்திருக்கிற நாளு ஒண்ணு" என்று திருப்பிச் சொன்னார். மேடம் முக்காலியிலிருந்து தலையாட்டினார். அத்தோடு விட்டிருப்பேன். ஆனால் போன முறையும் இப்படித்தான் தடுமாறாமல் சொன்னார் என்பது ஞாபகம் வந்தது.

"வேற என்னிக்காவது கூட கவுந்திருக்குமாம்மா?"

"மழ புடிச்சிட்டா வாரம் பூரா கவுந்துதான் கெடக்கும். புயலு வந்தா கேக்கவே வேணாம்."

மழைக்காலம் தொடங்க இரண்டு வாரம்கூட இல்லை. நான் கவரை அவர் கையிலிருந்து வாங்கிக் கிழித்தேன். "மறுபடி" என்றேன். மேடம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"போன் வெச்சிருக்கீங்களாம்மா?"

இடுப்பிலிருந்து எடுத்து நீட்டினார். அந்த முதல் நாளும் அது அங்கேதான் இருந்திருக்கும். "நம்பரு தெரியாது. நீயே பாத்துக்க." என் போனுக்கு அடித்துப் பார்த்து, கணினியில் அவருடைய நம்பரை ஏற்றினேன். ஞாயிற்றுக்கிழமை நான் போன் செய்வேன், போன் வந்தால் மட்டும் ஒரு மாத்திரை, வராவிட்டால் வேண்டாம் என்று சொல்லி, திருப்பிச் சொல்ல வைத்தேன். கவரில் ஒரு போன் படம் போட்டேன். அதுதான் நான் போட்ட கடைசிப் படம். அதன் பிறகு கேட்கவே நேரம் சரியாக இருந்தது.

ஞாயிறு பூசை முடிந்து சர்ச் வாசலுக்கு வந்ததும் போன் செய்வேன். "போட்டுக்கலாமா?" என்பார். "போட்டுக்குங்க" என்பேன். மழை, வெயில், வாளை மீன் கிடைக்காதது, மருமகள் கோபித்துக்கொண்டு போனது என்று பேச்சு நீளும். பேசுவது பெரும்பாலும் அவர்தான் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். என் கணவர் நேரம் பார்த்துச் சொல்லித்தான், பாதி நேரம் பேசுவது நான் என்று தெரிந்தது.

வேலையை விட்ட பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை காலில் ஊசி போட்டுக் கட்டுக் கட்டியிருந்தார்கள். பூசைக்குப் போகவில்லை. மாத்திரை மயக்கத்தில் படுத்திருந்தேன். போன் அடித்தது.

"ஏம்மா, இன்னிக்கி ஞாயித்துக்கெழமதான? கூட கவுந்துதான் கெடக்குது, மாத்திரைய கையில வெச்சிக்கினு ஒக்காந்திருக்கேன். ஒன் சத்தத்தையே காணோமே."

என் சத்தத்தைக் காணோம் என்று என்னிடம் ஒருவர் சொன்னது இந்த ஐம்பத்து நான்கு வயதில் அதுதான் முதல் முறை. எழுந்து உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, "போட்டுக்குங்கம்மா" என்றேன். அடுத்த அறையிலிருந்து என் கணவர், "கொஞ்சம் மெதுவா பேசேன்" என்றார்.